இரண்டு சிரட்டைப் பயறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் வந்த கூத்துத்தான் இது.

தொண்ணூறுகளின் நடுவில், சண்டைக் காலம், வன்னியில் துணுக்காயில் இருந்தோம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்பதால் தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டிலில் சும்மா கிடந்தது. பயிருக்கு வாளியால் அள்ளித்தான் தண்ணீர். என் கணவர் மாட்டுக்கென்று வேலியோரம் கினிப்புல் நட்டிருந்தார். அது ஆளுயரம் வளர்ந்து நின்றது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாடு தின்று மிஞ்சிய புல்லை நான் பயற்றம் பாத்திகளில் பரப்பினேன். ஈரம் காயாது, நாளுக்கு நாலு வாளி மிச்சம் என்பது என் கெட்டித்தனம்.

அந்தப் பாத்தியில் முதல் பிடி பயறு போட்டவர் என் கணவரின் அக்கா. எனக்கு மச்சாள். அவருடையது ராசியான கை என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். யார் வீட்டில் விதைப்பென்றாலும் மச்சாள் முதல் பிடி போட்ட பிறகுதான் மற்றவர்கள் விதையைத் தொடுவார்கள். விடியவே தலை தோய்ந்து, வெளுத்த சேலை உடுத்து வந்து நிற்பார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

எங்கள் பயறு பாதிகூட முளைக்கவில்லை. முளைத்ததும் மஞ்சள் பிடித்து விரல் உயரத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், மச்சாளின் கைராசி போய்விட்டது என்று கிணற்றடியில் சொன்னேன். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலும் சொன்னேன். கோயிலில்கூடச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அவரை விதைப்புக்குக் கூப்பிடவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். என் கணவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒருநாள் விவசாயப் போதனாசிரியர் சைக்கிளில் வந்து, பாத்தியில் கிடந்த புல்லைத் தூக்கிப் பார்த்தார். கினிப்புல்லின் இலையிலும் வேரிலும் ஒரு இரசாயனம் இருக்கிறதாம். நனைந்தால் மண்ணில் இறங்கி, பயறு, கௌபி போன்ற தானியங்களின் முளையை அமுக்கிவிடுமாம். மாடு தின்கிற புல்லில் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று நான் நம்பவில்லை. வேண்டுமென்றால் நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு, மிஞ்சியிருந்த அதே பயற்றில் பத்துப் பத்து ஊன்றினேன். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். மற்றதுக்குப் புல்லை நறுக்கி ஒரு நாள் ஊறவைத்த தண்ணீர். ஐந்தாம் நாள் முதல் சிரட்டையில் பத்தும் நிமிர்ந்து நின்றன. மற்றதில் மூன்றுதான். இழுத்துப் பார்த்தால் வேர் கட்டையாகக் கருகியிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிரட்டைகளை ஓலைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மச்சாள் வீட்டுக்குப் போய், பிழை என்னுடையது என்றேன். அவர் குனிந்து இரண்டையும் நன்றாகப் பார்த்தார்.

"இதை ஏன் எனக்குக் காட்டுறீர்? என்ர கையை எனக்குத் தெரியும். நீர் கதைச்ச வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டும்."

போனேன். சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டி, வீடு வீடாகப் போய்க் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், தேத்தண்ணியும் தந்தார்கள். எனக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

ஐப்பசி மழை விழுந்ததும் எல்லோரும் பழையபடி விதைப்புக்குக் கூப்பிட, மச்சாளுக்கு ஓய்வில்லை. நான் புல்லுக்கு நன்றாக எட்டத்தில் புதுப் பாத்தி கட்டி, விதையை நனைத்து வைத்துக்கொண்டு அவருக்காகப் பார்த்திருந்தேன். மறுநாளும் நனைத்தேன். ஊர் முழுக்க விதைத்து முடிந்த பிறகுதான் வெளுத்த சேலையோடு எங்கள் படலையைத் திறந்தார்.