பஸ் தாண்டினால்தான் தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தது கடிகாரம் இல்லை, பஸ். கல்யாணமாகி வந்த புதிதில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டேன். கிணறு என் வீட்டுக்காரருக்கும் அவருடைய பெரியப்பாவுக்கும் பொது. காலையில் சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ் கிணற்றைத் தாண்டினால் மடை எங்கள் பக்கம். சாயங்காலம் அது திரும்பிப் போனால் பெரிய மாமனார் பக்கம். இத்தனைக்கும் அவர் கையில் எந்நேரமும் வாட்ச் இருக்கும்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். விழுப்புரம் போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மறியல் தொடங்கிய அன்று காலை வந்த பஸ், எங்கள் கிணற்றுக்கு அப்பால் ரோட்டில் மரம் கிடப்பதைப் பார்த்து, கிணற்றுக்கு வராமலே கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. பின்னால் போகலாமென்றால் அங்கேயும் ஒரு மரம். பயணிகள் நடையைக் கட்டினார்கள். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குக் காவலாகத் தங்கிவிட்டார்கள்.

எங்கள் மல்லாட்டைக்கு, அதுதான் நிலக்கடலைக்கு, அப்போதுதான் விழுது இறங்கும் பருவம். மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். முதல்முதலாக என் கையால் விதை போட்ட கொல்லை அது. மூன்று நாளாக ஒரு சொட்டு இல்லை. அத்தனை தண்ணீரும் பெரிய மாமனாரின் கரும்புக்கு.

"மாமா, மடைய மாத்தி வுடுங்க."

"பஸ்ஸு வரட்டும்மா."

"அதோ நிக்குதே!"

"நிக்குது. தாண்டலியே?"

வாட்சைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்! எனக்கு வந்ததே கோபம். விடுவிடுவென்று பஸ்ஸுக்குப் போனேன். டிரைவர் மூன்று கல் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டிய கொஞ்சம் எடுங்க."

"எங்கம்மா போறது? ரெண்டு பக்கமும் மரம்."

"எங்கியும் வேணாம். எங்க கெணத்த தாண்டினா போதும்."

விஷயத்தைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மறியல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மரத்த எடுக்கவா சொல்லுது? போய் வாண்ணே," என்றார் ஒருவர்.

ஹாரனை அழுத்திப் பிடித்தபடி பஸ் கிளம்பியது. காலி பஸ்ஸில் நான் ஒருத்தி. கண்டக்டர் விசில் வேறு! கரும்புக்குள்ளிருந்து பெரிய மாமனார் எட்டிப் பார்த்தார். பஸ் கிணற்றைத் தாண்டி, மரத்தை முட்டாத குறையாக நின்றது. அவர் மண்வெட்டியை எடுத்து மடையை மாற்றினார். தண்ணீர் கொல்லைக்குள் ஓடியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் பார்த்தால் அவரே தூக்குவாளியில் குழம்போடு பஸ்ஸருகே நிற்கிறார்.

"திரும்பிப் போற டைம் ஆயிடுச்சே, இன்னும் இன்னா ஒக்காந்துக்கினு இருக்கிறீங்க?" என்று டிரைவரை விரட்டுகிறார். திருப்ப இடமில்லாமல் பஸ் ரிவர்ஸிலேயே போனது. மரங்களை அகற்றும்வரை தினமும் இரண்டு நடை, எங்கள் கிணற்றுக்கு மட்டும் ஓடியது.

மல்லாட்டை பிடுங்கிய அன்று பெரிய மாமனார் வந்து ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். கொத்துக் கொத்தாகக் காய்.

"நல்லா காய்ச்சிருக்கேம்மா."

"அந்த மூணு நாளும் தண்ணி வுட்டிருந்தா இன்னும் ஜாஸ்தி காய்ச்சிருக்கும் மாமா."

அவர் வாட்சைப் பார்த்தார். "பஸ்ஸு வர்ற நேரம்," என்று சொல்லிவிட்டு, அந்தச் செடியோடு டிரைவரைப் பார்க்க ரோட்டுக்கு நடந்தார்.