பெரிய கெபாசிட்டர் போட்ட பிறகு

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இது நடந்தது பட்டப்பகலில், என் வீட்டில், என் காது கேட்க.

ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பது என் தொழில். அப்போது பையனுக்கு எட்டு மாதம். நெஞ்சுச் சளி அவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. "தூங்கும்போது மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் பிழைப்பு என்ன ஆவது? தொட்டிலருகே ஒரு மைக் வைத்தேன். அடுத்த அறையில் என் வேலை மேசை மேல் ஸ்பீக்கர். நடுவே நானே கட்டிய, பேட்டரியில் ஓடும் சின்ன சர்க்யூட்.

அதில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தது. கனத்த, தாழ்ந்த சத்தங்களை அது தடுத்துவிடும். மின்விசிறி இரைச்சல் ஒழியட்டும் என்று நான்தான் வைத்தேன். பார்த்தால், நெஞ்சின் கரகரப்பும் சேர்ந்து போய்விட்டது. வெறும் 'ஸ்... ஸ்...' மட்டும் வந்தது. எனக்கு எரிச்சல். அந்த ஃபில்டரில் இருந்த சின்ன கெபாசிட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பத்து மடங்கு பெரியதைப் பற்றவைத்தேன். இனி தாழ்ந்த சத்தமும் தாராளமாக வரும். மின்விசிறியை அணைத்தேன்.

பிற்பகல் இரண்டே கால். பையன் தூங்கிவிட்டான். டாக்டரிடம் காட்ட ஃபோனில் பதிவையும் ஓடவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டேன்.

ஸ்...

அவன் மூச்சு.

ஹூம்ம்ம்...

இது யாருடையது?

ஸ்... ஹூம்ம்ம்... ஸ்... ஹூம்ம்ம்...

கனமாக. மெதுவாக. வளர்ந்த ஆள் ஒருவர் மைக் மேல் குனிந்து நிற்பதுபோல. கரண்ட் இரைச்சல் என்று சொல்லவும் வழியில்லை. பேட்டரிக்கு ஏது அந்த இரைச்சல்?

என் வீட்டுக்காரர் வந்து பின்னால் நின்றார். அவருக்கும் கேட்டது. முகம் வெளிறிவிட்டது.

"பழைய கெபாசிட்டரையே போட்டுடேன்."

"போட்டா?"

"கேக்காது."

"கேக்காட்டி இல்லைன்னு ஆயிடுமா?"

எழுந்து பையன் அறைக்குப் போனேன். மூடிய ஜன்னல். தொட்டில். அவன். வேறு யாரும் இல்லை. பயம்தான், மறைப்பானேன்? ஆனால் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

"யாரா இருந்தாலும் வெளிய போ! பெத்தவ நான் நிக்கிறேன். எங்கே, என் பிள்ளையைத் தொட்டுப் பாரு!"

அடுத்த அறைப் பக்கம் திரும்பினேன்.

"நின்னுடுச்சா?" என்று கத்தினேன்.

மேசையிலிருந்து அவர் குரல். "இல்லை... இன்னும் கேக்குது."

பையனை வாரித் தூக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் ஹெட்ஃபோன் மாட்டி அந்தப் பதிவைக் கேட்டார். நான் வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இதுல ரெண்டு சத்தம் இருக்கும்மா. மெல்லிசா வர்றது, உங்க பையன் மூச்சை உள்ள இழுக்கிறது."

"சரி..."

"அவன் வெளிய விடவே இல்லை. ஒரு தடவைகூட. ஒவ்வொரு தடவையும் விடுறது... அந்த இன்னொண்ணு."

பையன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூக்கருகே விரல் வைத்தேன்.

நெஞ்சு எழும்பியது. இழுத்தான்.

"நீ விடுடா தங்கம்," என்றேன். "நீயே விடு."

காத்திருந்தேன்...