ஒரு சொல்லுக்காகப் பேசாமல் இருந்த வருசம்

நான் கரம்பொன்னில் இருக்கிறேன். கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சியோடு ஒரு வருசம் பேசாமல் இருந்தவள். காரணம் ஒரு சொல். ஈஸ்டர்.

தங்கச்சியும் புருசனும் புதுச் சபையொன்றில் சேர்ந்தார்கள். ஈஸ்டர் என்பது யாரோ அந்நிய தெய்வத்தின் பெயராம். உயிர்த்த ஞாயிறு என்றுதான் சொல்ல வேண்டுமாம். நான் வழமைபோல ஈஸ்டர் வாழ்த்து அனுப்பினேன். பதிலுக்கு இருபது நிமிசப் பிரசங்கம் குரல்பதிவாக வந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. போன் எடுத்தேன்.

"ஞாயிறு எண்டாலும் சூரியன்தானே? நீ ஏறி இருக்கிற கதிரை எண்டதும் போர்த்துக்கீசன்ர சொல்லுத்தான். இனி நிலத்திலயோ இருக்கப்போறாய்?"

போதாததற்கு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமையில் கடலுக்குப் போகிறார் என்று அவள் புருசனையும் ஏசினேன். எங்கள் ஆட்கள் பெரிய வெள்ளியும் சனியும் வலை தொடமாட்டார்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அவர் அந்த வழக்கத்தையும் விட்டுவிட்டார்.

அதோடு பேச்சை விட்டேன். ஆனால் நாள் தவறாமல் செபித்தேன். அவளைத் திருத்தும் என்றுதான். ஆண்டவர் அசையவில்லை. எனக்கு அவரிலும் கோபம்.

அடுத்த வருசம் பெரிய சனி பின்னேரம் அவள் புருசன் போன் எடுத்தார். அவளுக்கு அப்பென்டிக்ஸ் வெடித்துவிட்டதாம். உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகாவிட்டால் தப்பமாட்டாள் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். கடைசிப் படகு போய்விட்டது. ஆஸ்பத்திரியின் அவசரப் படகு இன்னொரு நோயாளியோடு போயிருந்தது. கரை முழுக்க எஞ்சின் இல்லாத வள்ளங்கள்.

"ஆண்டவரே, அவள் எந்தச் சொல்லையும் சொல்லட்டும். உயிரோட தாரும்" என்று போனைப் பிடித்தபடியே அழுதேன்.

"அழாதேங்கோ அக்கா. எங்கட வள்ளம் தண்ணியிலதான் நிக்குது. நீங்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வாங்கோ" என்றார் அவர்.

நான் ஏசிய அதே வள்ளம். அதில்தான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஒப்பரேசன் முடிந்து, விடிந்தபிறகு கண் திறந்தாள். "உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள்" என்றேன். சொல்லிப் பழக்கமில்லாததால் நாக்குத் தடுமாறியது.

அவள் உதடு காய்ந்திருந்தது. "ஈஸ்டர் எண்டே சொல்லுங்கோ அக்கா. நீங்கள் அப்பிடிச் சொன்னாத்தான் எனக்குப் பெருநாள் மாதிரி இருக்கு."

இப்போதும் குரல்பதிவு அனுப்புகிறாள். இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டுதான் வருகிறது. ஆனால் கடைசிவரை கேட்கிறேன். அன்றைக்கு அந்த வள்ளம் இல்லாவிட்டால் அந்தக் குரலே இல்லாமல் போயிருக்கும்.

உங்கள் வீட்டிலும் பேசாமல் இருக்கிறவர் இருந்தால், அவரைத் திருத்தும் என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்காதீர்கள். நான் ஒரு வருசம் கேட்டுக் களைத்தவள். உயிரோடு வைத்திருக்கிறாரே, அதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு போனை எடுங்கள்.