ரமாபாய் கறியைக் குறைத்தது

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஞாயிறு என்றால் மாட்டுக்கறி வாசனைதான். அந்த வாசனைக்கு நடுவில் ரமாபாய் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாருக்கு மால போட்டுக்கினே?" என்று கேட்ட புருஷன் பகலவன் அவள் கழுத்தைப் பார்த்தான். புத்தர் டாலர்தான் தொங்கியது.

"மாலயும் இல்ல, மண்ணும் இல்ல. மாசத்துக்கு ஒரு தபா துன்னுவேன். மத்த நாளு வாணாம்."

"ஒடம்புக்கு இன்னா?"

"எனுக்கு ஒண்ணுமில்ல. பூமிக்குதான் ஜொரம்."

மாமியார் பூவம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "ஊரே காறித் துப்புனப்பகூட நாங்க வுடாத கறிடி இது."

போன மாதம் பெரம்பூரில் தொழிலாளர் சங்கக் கூட்டம். பூமி ஏன் சூடாகிறது என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். முதலில் நிலக்கரிப் புகை. அடுத்து மாட்டுப் பண்ணை. கறிக்காகக் காட்டை அழிக்கிறார்கள், மாடு விடும் ஏப்பம்கூடச் சூடேற்றுகிறது என்றார். ஏப்பம் என்றதும் கூட்டம் சிரித்தது. ரமாபாயும் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

எண்ணூர் பக்கம் ஒரு நிலக்கரி யார்டு ஆபீஸைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. காலையில் துடைத்த மேஜை மதியத்துக்குள் கறுத்துவிடும். மூக்கைச் சிந்தினாலும் கறுப்புதான். அங்கே குவிந்திருப்பது எரியப் போவதை அவளால் நிறுத்த முடியாது. நின்றால் அவள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். தட்டில் விழுவதைத்தான் குறைக்க முடியும்.

ஆபீஸில் சாப்பிட இரண்டு மேஜை. ஜன்னல் ஓரம் சைவம், கதவோரம் மற்றவர்கள். யாரும் எழுதி ஒட்டியதில்லை. கதவோரத்தில் டிரைவர் பாஸ்கரோடு அவள் உட்காருவாள். பாஸ்கர் வாய் சும்மா இருக்காது. அவள் கறியைக் குறைத்த விஷயம் பரவிவிட்டது.

கணக்குப் பிரிவு மேடம் ஜன்னல் ஓரத்திலிருந்து கூப்பிட்டாள். "ரமா, இங்க வந்து உட்காரு. இப்பதான் முகத்துல ஒரு களை வந்திருக்கு. முன்னாடியெல்லாம் நீ பக்கத்துல வந்தாலே ஒரு வாடை. இனிமே காபிகூட நீயே போடலாம்."

இத்தனை வருஷமாக அந்த மேஜையைத் துடைத்தவள் அவள். டம்ளர் கழுவியவளும் அவள். காபி போட மட்டும் வேறு ஆள்.

எழுந்துபோய் வாயில் இருந்த சோற்றைத் துப்பினாள்.

"அக்காவுக்கு ப்ரமோசன் வந்துகீது" என்றான் பாஸ்கர்.

"மூட்றா சோமாரி."

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்: "நாளிக்கு மாட்டுக்கறி வறுத்து டப்பால கட்டிக் குடு."

பகலவன் முழித்தான். "நாளிக்கு புதங்கெயம. பூமிக்கு ஜொரம் வுட்டுடுச்சா?"

"அது அப்டியேதான் கீது. மாசத்துக்கு ஒரு நாளுன்னேன். எந்த நாளுன்னு சொன்னேனா?"

மறுநாள் மதியம் ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "என்ன ரமா இது?"

"மாட்டுக்கறி மேடம். மாசத்துல ஒரு நாள். அந்த ஒரு நாள் இனிமே இங்கதான்."

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மேஜை காலியானது. பாஸ்கரும் கிட்டே வரவில்லை.

பகலவன் அவளுக்குப் பிடித்தமாதிரி மிளகு தூக்கலாகப் போட்டிருந்தான். ருசிக்கவில்லை. இந்த மாதத்துக்கு இருந்தது இந்த ஒரு வேளை. அது இவர்கள் மூஞ்சிக்காகப் போய்விட்டது. ஒவ்வொரு துண்டையும் அருவருப்போடு மென்று விழுங்கினாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தாள். மேஜைமேல் அதற்குள் கரித்தூள் படிந்திருந்தது. அதைத் துடைப்பதும் அவள்தான்.