கோமளவல்லி விளித்தால்

ஃபோனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கோமளவல்லி இறந்துபோனவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மணி அடித்து அடித்து ஓய்கிறது. "எடுக்கேல்ல," என்கிறாள். ஒரு துண்டு சுக்கைக் கடவாயில் அதக்கி, தொண்டையைச் சரிசெய்து, சமையலறைக் கதவைச் சாத்துகிறாள். பிறகுதான் அறிவிப்பு.

பாறசாலையிலிருந்து ஆரியங்கோடு வரைக்கும் யார் செத்தாலும் பினுவின் மைக் ஆட்டோதான் ஊருக்குச் சொல்லும். அதில் வருகிற குரல் கோமளவல்லியுடையது. தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. ஆறிப்போன கஞ்சி மாதிரி, சூடுமில்லை, குளிருமில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஃபோனில் பதிந்து பினுவுக்கு அனுப்பிவிடுவாள். சிறுவயதில் வந்த காய்ச்சல் அவள் காலிரண்டையும் கொண்டுபோயிற்று. அவள் ஏறாத படிக்கட்டுகளை எல்லாம் அவள் குரல் ஏறிவிடும். அவள் முகம் தெரியாதவர்கள்கூட அந்தக் குரல் கேட்டால் பாதிச் சோற்றில் கைகழுவுவார்கள்.

கூப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் ஒரு பிழையில் தொடங்கியது. திருப்புறத்துக்காரி ஒருத்தி தன் அப்பாவைப் பற்றிக் கரகரத்த லைனில் "அச்சன் மாறி" என்று சொல்ல, இவள் காதில் "மரிச்சு" என்று விழுந்தது. மகள் வீட்டுக்கு ஜாகை மாறியிருந்த அந்த மனிதர், தனக்கு வந்த மலர்வளையத்தைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார். அன்றிலிருந்து, இறந்தவருடைய நம்பருக்கே ஒருதரம் அடித்துப் பார்க்காமல் கோமளவல்லி அறிவிப்பதில்லை. பெரும்பாலும் எடுப்பதில்லை. கள்ளிக்காட்டில் ஒருவர் எடுத்திருக்கிறார். "உண்ணுகேன், பின்ன விளி" என்று சொல்லி வைத்துவிட்டாராம். அப்போது அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. ஃபோன் கொடியில் தொங்கிய சட்டைப் பையில், சார்ஜ் தீர்ந்து கிடந்தது. இதை எனக்குச் சொன்னது பினு. அவன் டீக்கடையில் பொய் சொல்வான். சாவு விஷயத்தில் சொல்லமாட்டான்.

ஆகவே எங்கள் பக்கத்தில் ஃபோனில் கோமளவல்லியின் பெயர் வந்தால், முதல் மணியிலேயே எடுத்து "இருக்கேன்" என்று சொல்லிவிட வேண்டும். மீன்காரி தங்கபாய்கூட "இருக்கேன் கோமளம்" என்று சொன்ன பிறகுதான் சாளையின் விலையைச் சொல்வாள். எடுக்கத் தவறிய இரண்டு பேரைப் பற்றிக் கதை உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை.

இப்படி ஊரார் உயிரைச் சரிபார்க்கிறவள், வருடத்துக்கு ஒருமுறை தன் உயிரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்கள் சேவை மையத்தில் விரல் வைத்து, உயிரோடிருப்பதைக் காட்டுகிற சடங்கு அது. வைக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அரசாங்கத்தைப் பொறுத்தமட்டில் ஆள் இல்லை. போன வருடம் வரை மையம் ரோட்டோரக் கடையில் இருந்தது. உள்ளே உருட்டிக்கொண்டு போனாள், வைத்தாள், வந்தாள். இப்போது புதுக் கட்டடம். முகப்பில் கோயில் நடைபோல் செங்குத்தாய்ப் படிகள்.

பொதுக் கட்டடத்துக்குச் சரிவுப்பாதை கட்டாயம் என்பது சட்டம். அதனால் அதையும் கட்டினார்கள், பின்புறத்தில், நல்லமிளகுக் கொடிகளுக்கு நடுவே. கைப்பிடி உண்டு. வழுக்காத தரை உண்டு. மேலே ஏறிப்போனால் சுவர். உத்தரவில் சரிவு என்றுதான் இருந்தது, கதவு என்று இல்லை என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சுவரில் சக்கர நாற்காலி மனிதனின் மஞ்சள் படத்தை மட்டும் அழகாக எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில், வராத ஏசிக்காகத் துளைத்த ஓட்டை ஒன்று, செய்தித்தாள் பந்தால் அடைத்தபடி. கோமளவல்லி போய் அந்த மஞ்சள் மனிதனுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, மோதிர விரலால் சுவரைத் தட்டத் தொடங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஜெயச்சந்திரனும் உதவியாளர் அனகாவும். யாரும் போகாத பின்புறத்திலிருந்து நாள்தோறும் தட்டுச் சத்தம் வந்தால் என்ன நினைப்பார்கள்? மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்று சரிவின் தலைப்பில் வந்து உட்கார்ந்தது. கோமளவல்லி அதைப் பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கிக் குடித்தாள். மிச்சத்தை ஃபிளாஸ்கில் ஊற்றி, முன்வாசல் வழியாக பினுவிடம் கொடுத்தனுப்பினாள்.

அப்புறம்தான் ஜெயச்சந்திரன் குடையோடு பின்னால் சுற்றி வந்தார். நல்ல மனிதர்தான். மெஷினைப் பின்னால் கொண்டுவர நியமம் இல்லை என்று வருந்தினார். ஒன்று உள்ளே வரவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கவேண்டும். நடுவில் ஓர் இடம் நியமத்தில் இல்லை. கிடப்புரோகி, அதாவது படுத்த படுக்கை, என்று ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் வீட்டுக்கே வந்து விரல் எடுத்துக்கொள்வாராம்.

கோமளவல்லி நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினாள். "கெடக்குறவங்களத்தான் சாரே நான் மைக்கில சொல்லுறது. நான் இருக்கேன் ஆக்கும்."

எங்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்கார்ந்திருப்பது, உயிரோடிருப்பதும் அதுவே. கிடப்பது வேறு. அவள் அம்மாவைக் கிடப்புரோகி என்று எழுதினார்கள். எழுதிய பேனாவை மூடுமுன் அவர் படுத்தார், பிறகு எழவில்லை. இது கோமளவல்லியின் கணக்கு. சரி, இரண்டு பேரைக் கூப்பிட்டு முன்படி வழியாகத் தூக்கட்டுமா என்றார் ஜெயச்சந்திரன்.

"என்னைத் தூக்குறது ஒருக்கத்தான். அதுக்கு நாலுபேர் வேணும். அண்ணைக்கு எனக்கு மைக்கில சொல்லுறதுக்கும் ஆள் இல்ல."

விரல் வைக்கக் கடைசி நாள் வந்தது. கர்க்கடக மழை. மதியமே விளக்கு வைக்கும் இருட்டு, கரண்டும் இல்லை. அன்று சுவரில் தட்டு விழவில்லை. அதுதான் தன்னை முதலில் பயமுறுத்தியது என்று அனகா பிறகு சொன்னாள். அறையில், பேட்டரியில் ஓடும் விரல் மெஷினின் பச்சைப் பொட்டு மட்டும் மினுங்கிக்கொண்டிருக்க, ஜெயச்சந்திரனின் ஃபோன் அடித்தது. திரையில் கோமளவல்லி.

அனகா மேசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றாள். ஜெயச்சந்திரன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இருக்கேன். சேச்சி, நான் இருக்கேன்."

"கேட்டேன்." ஆறிப்போன கஞ்சிக் குரல். ஒருமுறை ஃபோனிலிருந்து வந்தது, ஒருமுறை சுவருக்குள்ளிருந்து. "நீங்க சொன்னிய, நான் நம்பினேன். நானும் இருக்கேன்னு உங்க மெஷினுக்கிட்ட சொல்லுங்க சாரே. உள்ள வாறேன்."

ஓட்டையை அடைத்திருந்த காகிதப் பந்து தரையில் விழுந்து உருண்டது. பின்னாலேயே, மழைநீர் சொட்டச் சொட்ட, முழங்கை வரை ஒரு கை சுவரிலிருந்து அறைக்குள் நீண்டது. பெருவிரல் மட்டும் நிமிர்ந்திருந்தது. அசையவில்லை.

ஜெயச்சந்திரன் மெஷினை எடுத்துக்கொண்டு அருகே போனார். நீட்டுவதற்கு முன், சூடு இருக்கிறதா என்று அந்த விரலைத் தன் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். சுவரிலிருந்த கை மடங்கி அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.