ஜெமிமா வீட்டு நம்பர்

ஜெமிமாவுக்குப் பொறுமை அதிகம். எனக்கு அது கிடையாது. அவள் சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

டெலிபோன் கம்பெனியில் சிக்கி நிற்கும் ஆர்டர்களைச் சரிசெய்து அனுப்புவது எங்கள் இருவருக்கும் வேலை. ஓர் ஆர்டரில் பல வரிகள் இருக்கும். போன் ஒரு வரி, இன்டர்நெட் ஒரு வரி. ஒவ்வொரு வரியையும் என்ன செய்வது என்று குறிக்க வேண்டும். புதிதாகக் கொடுக்க ஆட், எடுத்துவிட டெலீட், வீடு மாறினால் மூவ். மூவ் போட்டால் நம்பர் கூடவே வரும். சில சோம்பேறிகள் பழைய வீட்டுக்கு டெலீட், புது வீட்டுக்கு ஆட் என்று போட்டுத் தள்ளுவார்கள். புது வீட்டில் மணி என்னவோ அடிக்கும். பழைய நம்பர் போனது போனதுதான்.

ஜெமிமாவின் அப்பா தனசிங் நாச்சாரத்தில் ஒரு பேக்டரியில் டைம்கீப்பராக இருந்தவர். இப்போது மறதி நோய். மகள் பெயரே சில நாள் வராது. வீட்டு நம்பர் மட்டும் தப்பாது. வழி தவறினால் யாரையாவது நிறுத்தி அதை ஒப்பிப்பார். அவர்கள் போன் செய்வார்கள், ஜெமிமா ஓடுவாள். செல் நம்பரை எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் கிழித்துப் போடுவார். அவருக்காகவே அந்த லேண்ட்லைனை அவள் விடாமல் வைத்திருந்தாள்.

போன மாதம் தார்நாகாவுக்கு வீடு மாறினார்கள். மூவ் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியும் எந்த மகராசனோ டெலீட், ஆட் போட்டுவிட்டான். அன்றைக்கே புகார் கொடுத்தாள். சொந்த வீட்டு ஆர்டரையோ கூட வேலை செய்பவர் வீட்டு ஆர்டரையோ நாங்கள் தொடக்கூடாதாம். தொட வேண்டியவர்களோ "பார்க்கிறோம்" என்று உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெமிமாவின் போன்.

"வித்யா, அப்பாவக் காணலடி. பால் வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள... யாராவது அந்த நம்பருக்கு அடிச்சிருந்தா? என்னடி செய்வேன் நான்?"

சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆர்டரைத் திறந்தேன். டெலீட் வரி முடிந்திருந்தது. முடிந்த வரியைத் திருப்ப முடியாது. புதிதாக ஆட் போட்டு அதே நம்பரைக் கேட்டேன். வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். சில மாதமாவது யாருக்கும் கொடுக்காமல் வைக்க வேண்டிய நம்பர்! பாவிகள், அதற்குள் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் அந்த நம்பரையே அடித்தேன்.

"நக்கோ போலா மேடம், கைக்கு சதாரே?" என்று உருதுவில் ஓர் ஆள் கத்தினான். வேண்டாமென்றேனே, ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்கிறான். விசாரித்தால், ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டான்செருவிலிருந்து யாரோ ஆட்டோக்காரர் மூன்று முறை கூப்பிட்டாராம். உங்கள் வீட்டுப் பெரியவர் இங்கே இருக்கிறார், வந்து அழைத்துப் போங்கள் என்றாராம். மூன்று முறையும் இவன் ராங் நம்பர் என்று வைத்திருக்கிறான்.

கெஞ்சிக் கூத்தாடி, அவன் போனில் பதிவாகியிருந்த அந்த ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கினேன். நானும் ஜெமிமாவும் விழுந்தடித்துக்கொண்டு பட்டான்செரு போனோம். வழியெல்லாம் அவள் ஜெபம் செய்தாள். நான் எங்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆட்டோ ஓட்டும் சாய்கிருஷ்ணா பெரியவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். நல்ல மனிதர், சவாரியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். முதல் தடவை, நீ தப்பாக அழுத்திவிட்டாய் என்று பெரியவர் கோபித்தாராம். அடுத்த தடவை போனை வாங்கித் தானே அழுத்தினாராம். மூன்றாவது தடவையும் ராங் நம்பர் என்று காதில் விழ, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"அப்பா, உயிரே போயிட்டுப்பா எனக்கு" என்று ஜெமிமா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அந்த நம்பரை மீட்டுக் கொடுத்தார்கள். தார்நாகா வீட்டில் மணி அடித்த அன்று நானும் இருந்தேன்.

"பழைய நம்பர் வந்துட்டுப்பா! எங்க, ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்" என்றாள் ஜெமிமா.

அவர் உதடு அசைந்தது. பிறகு மாட்டேன் என்று தலையாட்டினார்.

"வேண்டாம்மா. நான் சொல்றது ராங் நம்பர்."