அக்தர் பேகத்தின் இரண்டாவது தும்மல்

எங்கள் கட்டடத்தின் வாசலில் எழுதியிருக்கும் பெயர் ‘பொன்னுத்தங்கம் என்கிளேவ்’. கட்டிய சங்கரபாண்டியன் தன் தாயார் பெயரை ஆசையாக வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை ஒரு ஆட்டோக்காரரும் என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்ததில்லை. ‘வத்தக் குடோன் மாடி’ என்றால்தான் விருதுநகருக்குத் தெரியும்.

பஜாருக்குப் பின்னால், அவர்கள் குடும்பம் பரம்பரையாக மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய இடம் அது. நாலுவழிச் சாலை வருகிறது, ஊருக்குள் மனை விலை ஏறுகிறது என்ற பேச்சுக் கிளம்பிய 2006-ல், மூட்டையை அடுக்குவதைவிட மனுசனை அடுக்கினால் லாபம் என்று சங்கரபாண்டியனுக்குத் தோன்றிவிட்டது. குடோனை முழுதாக இடித்திருக்கலாம். மனுசன் சிக்கனக்காரர். பழைய தரையையும் பாதிச் சுவரையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதை வண்டி நிறுத்தும் இடமாக்கி, மேலே மூன்று மாடி எழுப்பினார்.

அந்தத் தரை எத்தனை காலத்து வத்தல் தூளைக் குடித்திருந்ததோ, யாராவது ஒரு ஸ்கூட்டரை நகர்த்தினால் போதும், நெடி கிளம்பி மாடிப்படி வழியாக மேலே வந்துவிடும். குடியிருப்பவர்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். வீடு பார்க்க வருகிறவர்களுக்குத்தான் வினை. மாடி ஏறி, அறை அறையாகப் பார்த்து, மனசுக்குப் பிடித்து, அட்வான்ஸ் தாம்பாளத்தை நீட்டும்போது சரியாக ஒரு தும்மல் வரும். ஒரே ஒரு தும்மல். நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் நம் ஊர் வியாபாரி என்ன செய்வார்? தாம்பாளத்தை அப்படியே திருப்பிக்கொண்டு, “அடுத்த மாசம் பாப்போம் அண்ணாச்சி” என்று செருப்பைத் தேடுவார். அந்த அடுத்த மாசம் வரவே வராது.

ஏற்கெனவே இந்த ஊர்க்காரர்களுக்கு மாடி வீடு என்றாலே சந்தேகம். “மூணாவது மாடியில வீடு சரி, எனக்குப் பாத்தியப்பட்ட மண்ணு எங்கன இருக்கு?” என்று கேட்பார்கள். பத்திரத்தில் பங்கு இருக்கிறது என்று சொன்னால், “அதைக் கயிறு கட்டிக் காட்டும்” என்பார்கள். இந்த லட்சணத்தில் தும்மலும் சேர்ந்தால் யார் வாங்குவார்?

அதனால்தான் சங்கரபாண்டியன் அக்தர் பேகத்தைக் குடிவைத்தார்.

அக்தர் பேகத்தின் வீட்டுக்காரர் முகம்மது நூகு சந்தைக்குச் சந்தை லுங்கியும் துண்டும் விற்கிறவர். ஒரே மகள் சனா. வாடகை கிடையாது, கரண்டுக்குக் கட்ட வேண்டியதில்லை. பதிலுக்கு, காலியாகக் கிடக்கும் கட்டடத்தில் ஆள் இருப்பதாகக் காட்ட வேண்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட வேண்டும். எல்லா பால்கனியிலும் துணி காய வேண்டும். வாசல்தோறும் எங்கள் சிவகாசியில் அச்சடித்த ஸ்டிக்கர் கோலம் ஒட்ட வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சிரித்த முகத்தோடு டீ கொடுக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: எந்தச் சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது. ஆணி ஓட்டை விழுந்தால் புது வீடு பழைய வீடாகிவிடும் என்பது சங்கரபாண்டியன் சட்டம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் வீடு பார்க்கப் போன அன்று, சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் இத்தனை வருசம் சூப்பர்வைசராக இருந்ததால், என் கண்ணில் முதலில் பட்டது காலண்டர்தான். அந்த வீட்டில் காலண்டர் சுவரில் இல்லை. ஜன்னல் கொக்கியில் தொங்கியது. காற்றடித்தால் தாள் தானாகக் கிழிந்துகொண்டு, மாதம் முடிவதற்குள் அடுத்த மாதத்துக்குப் போய்விடுமாம். முகம் பார்க்கிற கண்ணாடி தரையில் சாய்த்து வைத்திருந்தது. நூகு பாய் அதற்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். வினோதமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

தாம்பாளத்தை நீட்டினேன். தும்மல் வந்தது. ஒன்றுதான். என் வீட்டுக்காரி தங்கத்தாய் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சங்கரபாண்டியன் முகம் செத்துவிட்டது. அப்போது டீ டம்ளரோடு வந்த அக்தர் பேகம், யாரும் சொல்லாமலே, ‘அச்’ என்று ஒரு தும்மல் போட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

“என்னம்மா சொன்னீக?” என்று தங்கத்தாய் கேட்டாள்.

“ஆண்டவனுக்கு நன்றி சொன்னேங்க. எங்கள்ல தும்மினா நன்றி சொல்லணும். ஒடம்புக்கு எம்புட்டு லேசாகுது, நல்லதுதான?”

தங்கத்தாய் யோசித்தாள். ரெட்டைத் தும்மல் ஆகிவிட்டது, சகுனம் சரியாகிவிட்டது. போதாததற்கு வேறொரு சாமியிடம் நன்றியும் சொல்லியாகிவிட்டது. “கொடுத்துருங்க” என்றாள். கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து சங்கரபாண்டியனுக்கு வழி தெரிந்துவிட்டது. வந்தவர் தும்மினால் இரண்டாவது தும்மல் அக்தர் பேகத்தின் பொறுப்பு. சேலை முந்தானை நுனியைத் திரித்து மூக்கில் விட்டுக்கொள்வார். ஒருத்தர் தும்மலுக்கு இன்னொருத்தர் தும்மல் ஈடாகுமா என்று ஒரு எண்ணெய்க்கடை அண்ணாச்சி தகராறு பண்ணியபோது, “சபையில விழுந்த தும்மல்தான்யா கணக்கு, மூக்கு யாருதா இருந்தா என்ன?” என்று சங்கரபாண்டியன் தீர்ப்புச் சொன்னார்.

நான் குடிவந்த மறுநாள் சாயங்காலம், நாலு வீட்டில் விளக்கு எரிகிறதே, அறிமுகம் செய்துகொள்வோம் என்று புறப்பட்டேன். முதல் மாடியில் கதவைத் தட்டினேன். அக்தர் பேகம் திறந்தார். இங்கே வேலையாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது மாடியில் தட்டினேன். அங்கேயும் அக்தர் பேகம் திறந்தார், மூச்சு வாங்கியபடி. மூன்றாவது கதவை நான் தட்டவில்லை. அதற்கு முன்பே அவர் அங்கே போய்ச் சேர்ந்து, “வாங்கண்ணே, டீ சாப்பிடுறீகளா?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பால்கனியில் பார்த்து மயங்கிய நாலு குடும்பத்துத் துணியும் ஒரே குடும்பத்துத் துணி. அந்தப் பச்சை லுங்கி திங்கட்கிழமை முதல் மாடியிலும் செவ்வாய்க்கிழமை மூன்றாவது மாடியிலும் காய்ந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சங்கரபாண்டியனைக் கேட்கக் கிளம்பியவனைத் தங்கத்தாய் தடுத்தாள். “பக்கத்துல ஒரு மனுசி இருக்காள்ல, அது போதாதா ஒங்களுக்கு?” என்றாள். எனக்குப் போதாதுதான். ஆனால் நான் வேலைக்குப் போனபின் ஆளில்லாத கட்டடத்தில் பகலெல்லாம் கிடக்க வேண்டியவள் அவள். அவளுக்குப் போதும் என்றால் நான் என்ன சொல்ல?

அக்தர் பேகத்தின் கஷ்டம் வேறு. அவர் எந்த வீட்டில் குடியிருக்கிறாரோ அந்த வீடுதான் முதலில் விற்கும். அடுப்பு எரிகிற, பிள்ளை படிக்கிற வீட்டைப் பார்த்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் வீட்டை யார் கேட்பார்? விற்றதும் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு. அதுவும் விற்றால் அதற்கடுத்தது. ஒரு தடவை குழம்பு கொதிக்கும்போதே வாங்கினவர் சாமி படத்தோடு வந்துவிட்டார். அந்தம்மா குழம்புச் சட்டியோடு படியிறங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டு வருசத்தில் எல்லாம் விற்றுப்போய், கடைசியாக என் வீட்டை ஒட்டிய மூன்றாவது மாடி வீடு மட்டும் மிஞ்சியது. அதில்தான் அவர்கள் இருந்தார்கள். அதுவும் விற்றுவிட்டால் சிவகாசிப் பக்கம் திருத்தங்கலில் சங்கரபாண்டியன் புதிதாகக் கட்டும் மாடிக்குப் போக வேண்டும். சனா பத்தாவது. பள்ளிக்கூடம் இங்கிருந்து நடக்கிற தூரம். தங்கத்தாயும் அந்தம்மாவும் அதற்குள் ஒரே உரலில் மாவாட்டுகிற அளவுக்கு ஆகியிருந்தார்கள், அதாவது என் வீட்டுக் கிரைண்டரில்.

காரியாபட்டியிலிருந்து ஒருவர் வீடு பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்று, அக்தர் பேகம் என்னிடம் சொன்னார்: “அண்ணே, நானாப் போயி எதையும் கெடுக்க மாட்டேன். ஆனா அவுக தும்மினா, இந்தத் தடவை நான் தும்மப்போறதில்ல. எனக்கு எங்கிட்டும் போக மனசில்லண்ணே. அலுத்துப்போச்சு.”

சொல்லிவிட்டு அழுதுவிடுவாரோ என்று பயந்து, “சரிம்மா, சரிம்மா” என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்கும் அவர் போவது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்காதது உலகத்தில் நிறைய உண்டு. அதில் இது முதலிடத்துக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்காவலன் வந்தார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி. படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். தும்மவில்லை. அறையெல்லாம் பார்த்தார். தும்மவில்லை. கீழே நான் வேண்டுமென்றே என் ஸ்கூட்டரை இரண்டு தடவை நகர்த்திவிட்டு மேலே வந்தேன். மனுசன் மூக்கைக்கூடத் தேய்க்கவில்லை.

“நெடி ஒண்ணும் தெரியலையா?” என்று கேட்டேன்.

“எனக்கு உரக்கடைங்க. பூச்சி மருந்து வித்து வித்து மூக்கு செத்து எம்புட்டோ வருசமாச்சு” என்றார் பெருமையாக.

அக்தர் பேகம் என்னைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. டீ போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரமாகியும் டீ வாசம் வரவில்லை. காய்ந்த எண்ணெயில் ஒரு கைப்பிடி வத்தல் விழுந்த சத்தம் வந்தது. கெடுக்க மாட்டேன் என்று சொன்ன மனுசிதான். மத்தியானச் சமையலுக்குத் தாளித்ததாக இன்றுவரை சாதிக்கிறார்.

புகை கூடத்துக்கு வந்தது. ஊர்க்காவலன் தாம்பாளத்தை நீட்டினார். பிறந்ததிலிருந்து வத்தலுக்குள்ளேயே வளர்ந்த சங்கரபாண்டியன், வாழ்க்கையில் முதல் தடவையாக, கட்டடமே அதிரத் தும்மினார்.

ஒற்றைத் தும்மல். ஊர்க்காவலன் கை அந்தரத்தில் நின்றது. அடுப்படி வாசலில் அக்தர் பேகம் கல்லாக நின்றார். நான் உள்ளுக்குள் குதித்தேன். குதித்த வேகத்தில் என் மூக்கில் என்னமோ ஏறியது. பல்லைக் கடித்தேன், மூக்கைப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தும்மிவிட்டேன்.

“ரெண்டு!” என்றார் சங்கரபாண்டியன் சந்தோசமாக.

அப்போது அக்தர் பேகம் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நல்லவேளை, மோர் கொண்டுவந்த தங்கத்தாய் வாசலிலேயே ஒரு தும்மல் போட்டாள். மூன்று.

மூன்றுக்கு என்ன பலன் என்று யாருக்கும் தெரியவில்லை. “ரெண்டோட கணக்கு முடிஞ்சிருச்சு. இது தனி” என்றார் சங்கரபாண்டியன். “தனின்னா, ஒத்தத் தும்மல்தானங்க?” என்றார் ஊர்க்காவலன். “அது வாசல்ல விழுந்தது, சபையில சேராது.” “வாசலும் வீட்டுலதான சேத்தி? பத்திரத்துல வாசலைத் தனியாவா எழுதப்போறீக?” இரண்டு பேரும் இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது, புகையில் கண் தெரியாமல் கரண்டியோடு வெளியே வந்த அக்தர் பேகம், முந்தானை திரிக்காமலே, நிஜமாகவே தும்மினார். பழக்கதோசம். “அல்ஹம்துலில்லாஹ்” என்று வேறு சொல்லிவிட்டார்.

“நாலு! ரெட்டைக்கு ரெட்டை!” என்று சங்கரபாண்டியன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

அக்தர் பேகத்தின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

“ஏம்மா அழுவுறீக?” என்றார் ஊர்க்காவலன்.

“வத்த நெடிங்க” என்றார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இல்லீங்க. எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்ல. அதான்” என்றார்.

சங்கரபாண்டியன் பதறி, “அது ஒண்ணுமில்ல, திருத்தங்கல்ல இதைவிடப் பெரிசா…” என்று ஆரம்பித்தார். ஊர்க்காவலன் கையமர்த்தினார்.

“ஒங்களை யாரு போகச் சொன்னா? கடையை விட்டுட்டு நான் இங்கன வந்து குடியிருக்கவா போறேன்? எனக்கு ரெண்டாவது படியிலயே தலை சுத்துது. டவுனுக்குள்ள ஒரு எடம் கெடக்கட்டுமேன்னு வாங்குறேன். வாடகைக்கு ஆளைத் தேடி எங்க அலையிறதுன்னுதான் ஒரே ரோசனையா இருந்துச்சு. நீங்களே இருங்க.”

அதுவரை மூலையில் நின்ற நூகு பாய், “வாடகை என்னங்க சொல்லுவீக?” என்று மெல்ல ஆரம்பித்தார். அக்தர் பேகம் அவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

“ஆணி அடிக்கலாமாங்க?”

ஊர்க்காவலனுக்குப் புரியவில்லை. “குடியிருக்கிற வீட்டுல ஆணி அடிக்காம? தாராளமா அடிங்க” என்றார். சங்கரபாண்டியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பார்க்கச் சகிக்காமல்.

அன்று சாயங்காலமே நூகு பாய் கடைக்குப் போய் ஆணி வாங்கி வந்துவிட்டார். ஆனால் சுத்தியலைப் பிடித்தது அந்தம்மாதான் என்று அடியின் வேகத்திலேயே தெரிந்தது. சங்கரபாண்டியனின் சிக்கனம் நடுச்சுவரிலும் இருந்திருக்கிறது. அங்கே அடித்த மூன்றாவது அடிக்கு என் வீட்டுக் காலண்டர் ஆணியோடு கழன்று என் காலில் விழுந்தது.

விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினேன். அக்தர் பேகம் சுத்தியலோடு திறந்தார். பின்னால் சுவரில், நான் போன தைக்குக் கொடுத்த எங்கள் கம்பெனிக் காலண்டர், கொஞ்சம் கோணலாக, ஆனால் சுவரில் தொங்கியது.

“ஏம்மா, என் காலண்டர் விழுந்துருச்சு!” என்று கத்தினேன்.

“விழுந்தா எடுத்து மாட்டுங்கண்ணே. இன்னும் கண்ணாடிக்கு அடிக்கணும், சனா அலமாரிக்கு அடிக்கணும். இன்னைக்கு முடியாட்டி நாளைக்கு அடிப்பேன். நான் எங்கிட்டும் போகலைல்ல?”

திரும்பி வந்து காலண்டரை மாட்டினேன். மறுபடி விழுந்தது. அந்தம்மா அடித்து முடிக்கும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.